பத்தாயிரத்து ஒன்று

குன்றின் மேல் இருந்தது வேண்மாளின் கணக்குப் பள்ளி. அங்கே ஒரு வழக்கம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாதது பகா எண். பாறையில் ஏற்கெனவே வெட்டியிருப்பதைவிடப் பெரிய பகா எண்ணைக் கண்டுபிடிப்பவர், அதன் அருகே தன் பெயரையும் வெட்டிக்கொள்ளலாம். அன்றிலிருந்து அவரும் ஆசிரியர்.

ஏட்டுக் கணக்கு செல்லாது. புளியங்கொட்டைகளை வரிசை வரிசையாக அடுக்கிக் காட்ட வேண்டும். கடைசி வரிசை நிறையாமல் நின்றால்தான் வகுபடவில்லை என்று பொருள்.

அங்கே படித்த சேந்தன் முன்பு துறைமுகத்தில் மூட்டை எண்ணியவர். ஆசிரியையைவிடப் பத்து வயது மூத்தவர். பௌர்ணமியன்று காலை, கல்தச்சரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

“பத்தாயிரத்து ஒன்று, அம்மா. எதற்கும் மசியவில்லை.”

“எதுவரை அடுக்கினீர்கள்?”

“இரண்டிலிருந்து எழுபத்தொன்று வரை. பகா எண்களை மட்டும். மற்றதெல்லாம் அவற்றின் பிள்ளைகள்தானே. மொத்தம் இருபது.”

“நூறுவரை போக வேண்டுமே.”

“தெரியும். நூறை நூறால் பெருக்கினால் பத்தாயிரம், அதற்கு மேல் தேவையில்லை. நடுவில் ஐந்துதான் பாக்கி. இருபது பேரிடம் தோற்காதது ஐந்து பேரிடமா தோற்கும்?”

கல்தச்சர் சிரித்தார். “அண்ணன் சொல்றது நியாயந்தானே, தாயி? நாளைக்கு நான் வேற ஊருக்குக் கிளம்பணும். இனி அடுத்த மாசிக்குத்தான் வருவேன்.”

சேந்தனுக்கு வயது ஐம்பத்தெட்டு. அடுத்த மாசி அவருக்கு வெகு தூரம்.

வேண்மாள், பத்தாயிரத்து ஒரு கொட்டைகள் எண்ணிப் போட்டிருந்த சாக்கை அவர் முன் நகர்த்தினார். “பகல் முழுவதும் இருக்கிறது. ஐந்தில் ஒன்றையாவது அடுக்குங்கள்.”

“எதை?”

“அடுத்ததை.”

சேந்தன் உட்கார்ந்தார். வரிசைக்கு எழுபத்து மூன்று. பழகிய விரல்கள், வேகமாக ஓடின.

கல்தச்சர் நிழலில் உளி தீட்டினார். “அண்ணே, பேரைப் பெரிசா வெட்டவா, எண்ணைப் பெரிசா வெட்டவா?”

“இரண்டும் ஒரே அளவு.”

பொழுது சாய்கையில் நூற்று முப்பத்தாறு வரிசைகள் முடிந்திருந்தன. மிச்சத்தை மடியில் கொட்டிக்கொண்டு கடைசி வரிசையைத் தொடங்கினார். பாதிக்கு மேல் விரல்கள் மெதுவாயின.

எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. எழுபத்து மூன்று.

மடியைத் தடவினார். சாக்கைத் தலைகீழாக உதறினார். ஒன்றும் விழவில்லை.

கல்தச்சர் உளியைத் துணியில் சுற்றினார்.

சேந்தன் வேண்மாளிடம் திரும்பினார்.

“காலையிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மா.”

“எனக்கும் தெரியாது,” என்றார் வேண்மாள். “தெரிந்திருந்தால் எதற்கு அடுக்கச் சொல்லியிருப்பேன்?”