பொறைப் பை

“தம்பி, இந்த நாயை என்னால அடக்க முடியல” என்றாள் சொர்ணத்தாய்.

விடியும் முன்பே கிளம்பி நாலு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தாள். நடந்தாள் என்று சொல்வது சரியில்லை. சீசர் இழுத்து வந்தது.

மாடக்கண்ணு ஆட்டுக் கிடைக்காரர். உரத்துக்காக வயல்களில் ஆடுகளை அடைத்துப் போடுபவர். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாய் விஷயம் என்றால் அவரிடம்தான் போவார்கள்.

பட்டியின் ஓரத்தில் அவருடைய கறுப்பு நாய் படுத்திருந்தது. ஒரு கண்ணைத் திறந்து சீசரைப் பார்த்தது. மூடிக்கொண்டது.

“என்ன செய்யுது?” என்று கேட்டார் மாடக்கண்ணு.

“என்ன செய்யலன்னு கேளுங்க. வாசல்ல ஆள் தலை தெரிஞ்சா குரைக்குது. வந்தவங்க தோள்ல காலைத் தூக்கி வைக்குது. தைக்கக் கொடுத்த ஜாக்கெட் மூணைக் கிழிச்சுட்டுது. இப்ப யாரும் துணி கொண்டுட்டு வர்றதே இல்ல. ஆடி பிறந்தா யாரும் வீடு மாறமாட்டாங்க, அதுக்குள்ள நாயை அனுப்புங்க, இல்ல நீங்க காலி பண்ணுங்கன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு.”

“அனுப்பிட வேண்டியதுதானே?”

அவள் குனிந்து, காலில் சுற்றியிருந்த கயிற்றை எடுத்துவிட்டாள்.

“என் புருஷன் தூக்கிட்டு வந்த குட்டி. மூணு மாசத்துல அவர் போயிட்டார். இப்ப அந்த வீட்டுல மூச்சு விடுறது நாங்க ரெண்டு பேருதான்.”

மாடக்கண்ணு அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

“பையில என்ன?” என்று கேட்டார்.

“பொறை ரொட்டி. டீக்கடையில மொத்தமா வாங்கி வச்சிருக்கேன். குரைக்கும்போது ஒண்ணு போட்டா வாயை மூடும்.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“தின்னு முடிக்கிற வரைக்கும்.”

அவர் கையை நீட்டினார். அவள் பையைக் கொடுத்தாள். தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

அவர் மனைவி ஆடுகளை முன்னால் ஓட்டிப் போனாள். கறுப்பு நாய் எழுந்து பின்னால் போனது. யாரும் அதைக் கூப்பிடவில்லை.

“நாமளும் போவோம். கண்மாய் வரைக்கும்” என்றார் மாடக்கண்ணு. “கயிறு இறுகினா நில்லுங்க. தளர்ந்தா நடங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

பத்தாவது அடியில் கயிறு இறுகியது.

“டேய் சீசர், சொன்னாக் கேளுடா, உன்னால என் மானமே போகுது, நில்லுடா...”

“நிக்கச் சொன்னேன்க்கா. பேசச் சொல்லல.”

நின்றாள். சீசர் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு இழுத்தது. பிறகு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தது. கயிறு தளர்ந்தது. நடந்தாள். மறுபடி இறுகியது. நின்றாள்.

“இப்படி நின்னு நின்னு போனா எப்பத்தான் கண்மாய்க்குப் போய்ச் சேருறது?”

மாடக்கண்ணு பையில் கையை விட்டு ஒரு பொறையை எடுத்தார். அவள் கையில் வைத்தார்.

அவள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. தின்றாள்.

“தோள்பட்டை விட்டுப் போச்சு தம்பி.”

இன்னொரு பொறை.

“வெயில் வேற ஏறுது.”

இன்னொன்று.

முதல் அரைமணி நேரத்தில் ஒரே ஒரு பனைமரத்தைத்தான் தாண்டினார்கள். அடுத்த அரைமணி நேரத்தில் நாலைத் தாண்டினார்கள். நாலாவது மரத்திலிருந்து ஐந்தாவது மரம் வரை கயிறு தரையைத் தொட்டபடி வந்தது. சொர்ணத்தாய் அதைக் கவனிக்கவில்லை. கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்கும் ஒரு பொறை கிடைத்தது.

கண்மாய் வறண்டு கிடந்தது. மாடக்கண்ணு சீசருக்கு நீளக் கயிறு மாட்டி, ஆடு இல்லாத பக்கமாக ஓடவிட்டார். சீசர் ஓடியது. வட்டம் போட்டது. வில்லாக வளைந்து திரும்பி வந்து, மறுபடி ஓடியது. அரைமணி நேரம் கழித்து, அவள் உட்கார்ந்திருந்த கருவேல நிழலில் வந்து விழுந்தது.

யாரும் சொல்லாமல் அது படுத்ததை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

“என்ன மருந்து கொடுத்தீங்க?”

“சிப்பிப்பாறை. ஓடுற சாதி. ஓடினான்.”

“நானும் தினமும் கூட்டிட்டுத்தான் போறேன். தெருமுனை வரைக்கும்.”

“அந்தக் காலைப் பாருங்க” என்றார் மாடக்கண்ணு. “தெருமுனை அவனுக்கு நாலு தாவல்.”

அவள் பார்த்தாள்.

அந்த நேரத்தில் வயல்காரர் மொபெட்டில் வந்து இறங்கினார். மறுநாள் கிடையைத் தன் வயலில் போடச் சொல்லிவிட்டுப் போக வந்தவர்.

சீசர் துள்ளி எழுந்தது. வயல்காரரைப் பார்த்து இரண்டு முறை குரைத்தது. பிறகு அவரை விட்டுவிட்டு, மாடக்கண்ணுவின் தோளில் தொங்கிய பையைப் பார்த்துக் குரைத்தது.

“தம்பி, சீக்கிரம் ஒண்ணு போடுங்க!”

மாடக்கண்ணு ஒரு பொறையை அவள் கையில் வைத்தார். அதைப் பறிக்க எழும்பிய சீசரைக் கயிற்றைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினார்.

“எனக்கு இல்ல, அதுக்கு!”

இன்னொன்றை வைத்தார்.

“காது கேக்கலையா உங்களுக்கு?”

இன்னொன்று.

வயல்காரர் சிரித்தார். “என்ன மாடக்கண்ணு, மாமியார் வந்திருக்காங்களா? விருந்து பலமா இருக்கு.”

சொர்ணத்தாய்க்கு அழுகை வந்துவிட்டது. “நான் என் கஷ்டத்தைச் சொல்லிக்கிட்டு வந்தா, வாயைத் திறந்தா பொறை, வாயைத் திறந்தா பொறை! நான் என்ன நாயா?”

“காலையில இருந்து எத்தனை ஆச்சு?”

தின்றதையும் மடியில் கிடந்ததையும் சேர்த்து எண்ணினாள். “ஏழு.”

“புலம்பல் குறைஞ்சுதா?”

அவள் வாயைத் திறந்தாள். அவர் கை பைக்குள் போனது.

அவள் வாயை மூடினாள்.

கை வெறுமையாக வெளியே வந்தது.

சீசர் இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது. மாடக்கண்ணு சொம்பில் மோர் ஊற்றி அவளிடம் நீட்டினார். அவள் ஒரு மடக்குக் குடித்தாள். சொம்பைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். மடியில் கிடந்த பொறைகளைப் பார்த்தாள்.

ஒன்றை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு எழுந்தாள்.

சீசர் அவளிடம் வந்து குரைத்தது. அவள் மூடிய கையோடு நின்றாள். அவள் தோளில் காலைத் தூக்கி வைத்தது. முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். சுற்றி வந்து குரைத்தது. மறுபடி திரும்பினாள். வயல்காரர் போய்விட்டார். சீசர் குரைத்தது. குரைத்தது. எச்சில் விழுங்க ஒரு கணம் நிறுத்தியது.

அவள் கையை விரித்தாள்.

புறப்படும்போது பையைத் திருப்பிக் கொடுத்தார் மாடக்கண்ணு.

“நாளைக்கு இன்னும் அதிகமாக் குரைப்பான்.”

“குறையும்னுல்ல நினைச்சேன்!”

“முதல்ல கூடும். அப்ப மனசு கேக்காம ஒண்ணு போட்டீங்கன்னா, அவ்வளவு குரைச்சாத்தான் கிடைக்கும்னு படிச்சுக்குவான்.”

“இது எத்தனை நாளைக்கு...”

அவர் கை பைப் பக்கம் போனது.

அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அதன்பிறகு தினமும் காலையில் அவளும் நாயும் ஊர்க் கண்மாய்ப் பக்கம் போய் வந்தார்கள். மூன்றாம் நாள் சீசர் குரைத்த குரைப்பில் எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்தினாள். சொர்ணத்தாய் மூடிய கையோடு முக்கால் மணி நேரம் நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது. கையைத் திறக்கவில்லை. நாய் நிறுத்திய பிறகே திறந்தாள்.

ஆனி கடைசி நாள். வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

சீசர் குரைத்தது.

“இன்னும் அனுப்பலையா?” என்று அவரும் சத்தம் போட்டார். “நான் சொன்னது என்ன, நீங்க செய்யுறது என்ன?”

சொர்ணத்தாய் பேசவில்லை. நாலு மாதமாகச் சொல்லிவந்த சமாதானங்கள் எல்லாம் தொண்டை வரை வந்தன. கையை மூடிக்கொண்டு நின்றாள்.

சீசர் அவள் கையைப் பார்த்தது. இன்னும் இரண்டு முறை குரைத்தது. நிறுத்தியது. உட்கார்ந்தது.

அவள் குனிந்து கையை விரித்தாள்.

வீட்டுக்காரர் நிறுத்தவில்லை. எதிர்வீடு சொன்னதைச் சொன்னார். பக்கத்து வீடு சொன்னதைச் சொன்னார். தன் மனைவி சொன்னதைச் சொன்னார். அவள் பதில் பேசவில்லை. உள்ளே போகவும் இல்லை.

கடைசியில் அவருக்கும் மூச்சு வாங்கியது. நிறுத்தினார். அப்போதுதான் கீழே பார்த்தார்.

“இது அதே நாய்தானா?”

“உள்ள வந்து உட்காருங்க அண்ணாச்சி” என்றாள் சொர்ணத்தாய். “டீ போடுறேன்.”