கல்லை வறுத்த நாச்சான்

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. அதிலும் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல் இருக்கிறதே, அதற்கு வாய் காதுவரைக்கும். என்னைப் பொடியாக்க இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வரவேண்டும் என்று கரட்டுக் குன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு போவோர் வருவோரிடமெல்லாம் சவடால் விடும்.

கரட்டடியில் பாவாத்தாளும் அவள் புருஷன் நாச்சானும் குடியிருந்தார்கள். மறுநாள் விடிந்தால் மகளுக்குக் கல்யாணம். மழை பொய்த்த வருஷம். பானையில் இருந்த அரிசி பந்திக்கே பத்துமோ பத்தாதோ, இதில் கோலத்துக்கு மாவு எங்கே? கோலமில்லாத வாசல் இழவு வீட்டு வாசல். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டால் வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

வெள்ளையாக இருக்கிறதே என்று அந்தக் கல்லைத் தூக்கிவந்து உரலில் போட்டு இடித்தாள். உலக்கைப் பூண்தான் தெறித்தது. கல்லின் ஓரத்தில் பெயர்ந்த ஒரே ஒரு சில்லைத் திருகையில் போட்டாள். அரைச் சுற்றிலேயே திருகை அழ ஆரம்பித்துவிட்டது.

"ஆத்தா, என் பல்லு போயிட்டா நாளைக்குக் கம்பு ஆரு அரைப்பா?"

கல் விழுந்து விழுந்து சிரித்தது. பாவாத்தாள் மூக்கைச் சிந்திவிட்டு, இனி நீங்களாச்சு கல்லாச்சு என்று புருஷனிடம் சொல்லிவிட்டு மகளுக்குத் தலைவாரப் போனாள்.

நாச்சானுக்கு அடுப்படியில் தெரிந்தது ஒன்றே ஒன்று. மல்லியோ மிளகாயோ, அரைக்குமுன் வறுக்கவேண்டும். சட்டி தாங்காது என்று கல்லை அடுப்புக்குள்ளேயே தள்ளி விறகை அடுக்கினான். கல்லுக்கு ஒரே குஷி. கதகதப்பாக இருக்கிறது, இன்னும் ரெண்டு கட்டை போடு என்றது. போட்டான். கல் செக்கச்செவேலென்று ஆனது.

திரும்பி வந்த பாவாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்க, கல்லைப் போயி ஆராச்சும் வறுப்பாங்களா?"

"வறுக்காம எந்தப் பொடியை நீ அரைச்சே?" என்றான் நாச்சான்.

அதற்குள் கல்லுக்கு நாக்கு வறண்டுவிட்டது. "அப்பா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் கேட்டால் இல்லையென்று சொல்கிற வழக்கம் கொங்கு நாட்டில் கிடையாது. நாச்சான் ஒரு சொம்போடு நிறுத்தவில்லை. கல்லை வெளியே இழுத்து ஒரு குடத்தையே கவிழ்த்தான். 'உஸ்' என்றது கல். பிறகு சடசடவென்று மேலெல்லாம் விரிசல். உலக்கை பட்டதும் பொரியாக உதிர்ந்தது. திருகை பாட்டுப் பாடிக்கொண்டே அரைத்துத் தள்ளியது.

விடிந்ததும் வண்டி வந்தது. வாசல் போதாமல் தெருமுனை வரைக்கும் கோலம். மாப்பிள்ளையின் தாயார் இறங்கி நின்று, இந்தப் பஞ்சத்தில் இத்தனை மாவு ஏது என்று வாயைப் பிளந்தாள்.

"வறுத்து அரைச்சதுங்க" என்றான் நாச்சான். அந்தம்மா கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து உள்ளே போனாள். பாவாத்தாளுக்குப் போன உயிர் திரும்பிவந்தது.

அன்று முதல்தான் கோலப்பொடிக்கு வெங்கச்சங்கல்லைச் சுட்டு, தண்ணீர் காட்டி, அதன்பிறகு அரைக்கிறோம். அதுவும் 'உஸ்' என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.