கோடு கிழித்த முள்ளம்பன்றி

இலுப்பைக் காட்டில் கூரன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அந்த அதிமேதாவி நானேதான்!

எங்கள் காட்டில் மானும் பன்றியும் குரங்கும் ஒரே மடுவில் தண்ணீர் குடித்தன. "நீ யார்?" என்று கேட்டால், "இந்தக் காட்டுக்காரன்" என்பதே எல்லோருடைய பதிலும்.

ஒரு கோடையில் இலுப்பைப் பூவுக்காக மான்களும் பன்றிகளும் சண்டை போட்டன. நான் நடுவில் புகுந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

"ஆளுக்கொரு நாடாகப் பிரித்துக்கொண்டால் சண்டையே வராது! நானே கோடு போடுகிறேன்!"

வால் முள்ளைத் தரையில் இழுத்தபடி மூன்று நாள் நடந்தேன். மான்நாடு, பன்றிநாடு, குரங்குநாடு பிறந்தன. மடு பன்றிநாட்டுக்குப் போய்விட்டது. கோடு ஏன் அங்கே வளைந்தது என்கிறீர்களா? எனக்கு முதுகு அரித்தது. ஒரு மரத்தில் உரசிக்கொள்ளப் போனேன். அவ்வளவுதான்!

அன்றுமுதல் தண்ணீர் குடிக்கவே அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. பேச்சும் மாறியது. நீலி என்றொரு மான் இருந்தாள்; அவள் தங்கை கோட்டுக்கு அந்தப் பக்கம், பன்றிநாட்டில் மாட்டிக்கொண்டாள். மான்களே அவளை "அந்நியக்காரி" என்றன. நானோ, "எல்லோருக்கும் ஓர் அடையாளம் கொடுத்தேன்!" என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் மேற்கே காட்டுத்தீ பிடித்தது. மான்களும் குரங்குகளும் மடுவை நோக்கி ஓடின. எல்லோருக்கும் முன்னால் கிளம்பியவன் நான்.

கோட்டருகே தடியன் என்ற காவல் பன்றி வழிமறித்தது.

"நில்லும்! அனுமதி இருக்கிறதா?"

"என்னைத் தெரியவில்லையா, தடியா? இந்தக் கோட்டைப் போட்டவனே நான்தான்!"

"அப்படியானால் அதைத் தாண்டக் கூடாதென்று உமக்குத்தானே நன்றாகத் தெரியும், ஐயா!"

பறந்து வந்த தீப்பொறி விழுந்து, பின்னால் என் முள் கருகும் வாடை வந்தது.

நீலி முன்னே வந்தாள். "தடியண்ணே! போன மழையில் உங்கள் குட்டிகள் வெள்ளத்தில் மாட்டியபோது, எந்த நாடு என்று கேட்டா நாங்கள் இழுத்துக் கரைசேர்த்தோம்?"

தடியன் தீயைப் பார்த்தது. நடுங்கிக்கொண்டிருந்த மான்குட்டிகளைப் பார்த்தது. சட்டென்று மூக்கைத் தரையில் புதைத்து, கோட்டைக் கிளறித் தள்ளியது.

"கோடே இல்லையே! இனி யாரைத் தடுப்பது? ஓடுங்கள், ஓடுங்கள்!"

எல்லோரும் கழுத்தளவுத் தண்ணீரில் நெருக்கியடித்து நின்றோம். தீ கடந்து போனது. சாம்பல் படிந்து மானும் பன்றியும் குரங்கும் ஒரே நிறமாகியிருந்தன. நீலி குரலை வைத்துத்தான் தங்கையைக் கண்டுபிடித்தாள். இருவரும் முகத்தோடு முகம் உரசி அழுதார்கள்.

எனக்குப் பாதி முள் போயிருந்தது.

"வலிக்கிறதா, கூரா?" என்றாள் நீலி.

"முள் முளைத்துவிடும், அம்மா! முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றுதான் தெரியவில்லை!"

எல்லைக்கோடு நிலத்தைப் பிரிக்கலாம். நாம் யார் என்பதையும் அதுவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டால், ஆபத்து வரும்போது ஒருவருக்கொருவர் அந்நியராகி நிற்போம்.