வரிசையில் நின்ற பதிவுகள்

குருவுக்கு மடம் கிடையாது. மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மடிக்கணினி, பல வருடங்களாக ஒரு நாள்கூடத் தவறாத ஒரு வலைப்பூ. அவ்வளவுதான். குருவின் பெயர் மெர்லின்.

சீடன் அறவாழிக்கு அவரைவிட வயது அதிகம், தலைமுடி குறைவு. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. எழுத்தாளனாக வேண்டும் என்று ஆசை. அவன் "குருவே" என்பான். அவர் "சார்" என்பார்.

"குருவே, தினமும் எழுத வரமாட்டேங்குது. ஆரம்பிக்கிறேன். நாலாம் நாள் விட்டுப்போகுது."

"இன்னைக்கு உங்க வீட்ல என்ன குழம்பு?"

"குழம்பா?"

"குழம்பா?" என்றார் குரு, அச்சாக அவன் குரலிலேயே. "ஆமா சார், குழம்புதான்."

"காலைல அம்மா என்னமோ கரைச்சுட்டு இருந்தாங்க. பாக்கலை."

"போய்ப் பாத்துட்டு எழுதுங்க."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அலைபேசியில் அந்தக் கேள்வி வந்தது. இன்று என்ன குழம்பு? அறவாழி அடுக்களைக்குப் போய் நிற்பான்.

"எதுக்குடா தினம் வந்து கேக்குற? கவர்மெண்டுக்கு ரிப்போர்ட் அனுப்பணுமா?" என்பாள் அம்மா.

அதையும் தன் வலைப்பூவில் எழுதுவான். அவன் எழுத்துக்கு வந்தார்களோ இல்லையோ, அம்மாவின் பேச்சுக்கு வாசகர்கள் வந்தார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது அறவாழி சந்தோஷமாக இருந்தான்.

"இனி ஒரு நாளும் தவறாது குருவே. லீவு பூரா ரூம் கதவைச் சாத்திட்டு எழுதினேன். மாசி வரைக்கும் பதிவு ரெடி. ஒவ்வொண்ணுக்கும் தேதி போட்டு வரிசையில நிறுத்திட்டேன். அந்தந்த நாள் காலைல அதுவா வெளிய வந்துடும்."

"சாப்பிட்டீங்களா?"

"எங்க சாப்பிட? அம்மா தட்டிப் பாத்தாங்க. எழுதிட்டு இருக்கேன், வெளிய வெச்சுட்டுப் போம்மான்னுட்டேன். கம்ப்யூட்டரைப் பாத்துட்டே முழுங்கினதுதான்."

குருவின் சாயங்காலக் கேள்வி அன்றோடு நின்றது.

தை முடிவதற்குள் அம்மா இறந்துபோனாள். துணி எடுக்க மாடிக்குப் போனவள் இறங்கி வரவில்லை.

எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மாமா தன் அலைபேசியை நீட்டினார்.

"ஏண்டா, என்னடா இது?"

'இன்று அம்மா வைத்த வத்தக்குழம்பு. இன்னொரு கரண்டி கேட்டேன். பானையையே தலையில் கவிழ்க்கட்டுமா என்று சிரித்தாள்.'

கீழே ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார்: 'அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.'

மத்தியானம் குரு வந்தார். துக்க வீடு. வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவரே வந்து அறவாழியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவன் தன் அலைபேசியை எடுத்துக் காட்டினான்.

"வரிசையில இன்னும் நிறைய இருக்கு குருவே. மாமா எல்லாத்தையும் அழிச்சுடுன்னு சொல்றார்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"கை வரலை. விட்டா மாசி வரைக்கும் அம்மா அதுல இருப்பாங்க. திட்டுவாங்க. சிரிப்பாங்க. அழிச்சா இன்னைக்கே போயிடுவாங்க."

"நாளைக்கு வர்றதைப் படிங்க."

படித்தான். முருங்கைக்காய் சாம்பார். சக்கையைத் தட்டில் ஓரமாக வைக்கத் தெரியாதா என்று அம்மா கரண்டியைத் தூக்குகிறாள்.

"இதை எப்பச் சொன்னாங்க?"

"சொல்லலை. இப்படித்தான் சொல்லுவாங்கன்னு நானா எழுதினது. அம்மா குரல் எனக்கு அப்படியே வரும்."

"நல்லா வந்திருக்கு," என்றார் குரு.

அடுப்பு எரியாத அடுக்களையிலிருந்து எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "தம்பி, ரசம் கொண்டாந்திருக்கேன். ஆறிப்போகுது, வந்து ஒரு வாய் சாப்பிடுங்க."

அவன் எழுந்திருக்கவில்லை.

"சார்," என்றார் குரு. "நீங்க இதை எழுதிட்டிருந்த அன்னைக்கு, அம்மா கதவுக்கு வெளிய ஒரு தட்டு வெச்சாங்களே. அதுல என்ன குழம்பு?"

அறவாழி யோசித்தான். கையிலிருந்த அலைபேசியின் வெளிச்சம் மங்கி அணைந்தது. மாமா நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான்.

"தெரியலை," என்றான் கடைசியில்.

"அதை எழுதுங்க சார்."