பலகையில் நின்ற திருநாமம்

சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஓட்டுக் கட்டடத்தில் யூதப் பிள்ளைகளுக்கு எபிரேயம் கற்பித்து வந்தார் சிப்போராள் அம்மையார். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை உதறிவிட்டு அந்தப் பாடசாலையை நடத்திய சிறு அறக்கட்டளையின் தலைமையை ஏற்றவர். தலைவி என்று பெயர்தான். பெருக்குவதும் அவரே, பானையில் நீர் நிரப்புவதும் அவரே. இறைவனை வாழ்த்திவிட்டுத்தான் துடைப்பத்தைத் தொடுவார்.

கணவரை இழந்தவருக்கு யோவேல் என்று ஒரே மகன். இறைவனின் திருநாமத்தை எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது என்பது அவர்கள் நெறி. ஆகவே பாடத்தில் அப்பெயரின் ஓர் எழுத்தை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பிடிபடவில்லை. ஒருநாள் கரும்பலகையில் முழுப் பெயரையும் எழுதிவிட்டு, அம்மா மெச்சுவாள் என்று நின்றான். அம்மையாரோ எல்லார் முன்னும் கடிந்துகொண்டார். அன்று மாலையே காய்ச்சல். நினைவு தப்பிக் கிடந்தவன் மூன்றாம் நாள் போய்விட்டான். ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூட வாய்க்கவில்லை, பாவம்.

அந்த எழுத்தை அவர் துடைக்கவில்லை. பலகையில் மிஞ்சிய ஓரத்தில் எழுதியே ஒன்பது ஆண்டுகள் பாடம் நடத்தினார். மகன் கையெழுத்தை வைத்துக்கொள்ள நெறியைச் சாக்குச் சொல்கிறாள் என்று ஊர் சிரித்தது. அவர் மறுக்கவுமில்லை. பிள்ளை தம்மிடம் மனத்தாங்கலோடு போனானா என்ற ஒன்றைத்தான் தினமும் இறைவனிடம் கேட்டார்.

குடும்பங்கள் ஒவ்வொன்றாக இஸ்ரவேலுக்குப் போயின. கடைசிக் குடும்பமும் கிளம்பியதும், அறக்கட்டளைச் செயலாளர் பினியாமின் வந்தார். அம்மையாரிடம் படித்தவர், சிரித்தவர்களில் ஒருவர். கட்டடத்தை ஒப்படைக்க வேண்டும், பலகையைத் துடைத்துவிடுங்கள் என்றார். அம்மையார் மாட்டேன் என்று நின்றார்.

பேசிக்கொண்டிருக்கையிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஓடு விலகி நீர் பலகைமேல் வழிந்தது. அம்மையார் ஓடிப்போய் முந்தானையை விரித்து மறைத்தார். பயனில்லை. எழுத்துகள் கரைந்து வெள்ளையாக இறங்கின.

"எம் புள்ளைய ரெண்டாந்தரமும் பறிகுடுத்துட்டேனே" என்று அப்படியே அமர்ந்துவிட்டார்.

பினியாமினுக்கு நெஞ்சு கலங்கியது. அருகில் குந்தி, மெல்லச் சொன்னார்:

"அம்மா, நீங்க நடத்தின பாடந்தான். புருஷன் பொஞ்சாதிக்குள்ள சமாதானம் வரும்னா, தன் பேரை எழுதித் தண்ணில கரைக்கலாம்னு வேதத்துல சொன்னவர் ஆண்டவர். தாய்க்கும் புள்ளைக்கும் நடுவுல மட்டும் செய்ய மாட்டாரா?"

அம்மையார் எழுத்திருந்த இடத்தைக் கையால் தடவினார். பிறகு ஒன்பது ஆண்டுகளாக அடக்கிய அழுகையை வாய்விட்டு அழுதார். தம் பெயரையே கொடுத்து ஒரு தாயின் கேள்விக்கு விடை சொன்னார் இறைவன்; அப்பெயரைக் காத்து நின்ற அன்னையை நாமும் வணங்குவோம்.