மேலக்கல்லாற்றின் பச்சைக் கோடு

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் ரெஜினாவுக்கு வேலை. தென் மாவட்டங்களில் உள்ள பதினோரு ரத்த வங்கிகளை ஓர் அறக்கட்டளை ஒரே கணினி வலையில் இணைத்திருந்தது. எந்த வங்கியில் எந்தப் பிரிவு ரத்தம் எத்தனை யூனிட் இருக்கிறது என்பது மற்ற பத்து வங்கிகளுக்கும் உடனே தெரியும். அந்த வலையும் அதன் சர்வர்களும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று கவனிப்பது அவர் பொறுப்பு.

அவரிடம் வேலை கற்க வந்தவர் குற்றாலிங்கம், ரெஜினாவைவிட எட்டு வயது மூத்தவர். இருபது வருஷம் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். ரெஜினா அவரை அண்ணாச்சி என்பார். அவர் ரெஜினாவை மேடம் என்பார்.

குற்றாலிங்கத்துக்குக் கேள்விகள் அதிகம். ரெஜினா பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. பதிலாக ஒரு வேலையைக் கொடுப்பார்.

அறையின் சுவரில் பெரிய திரை ஒன்று இருந்தது. அதில் பதினோரு ஊருக்கும் பதினோரு கோடுகள். ஓர் ஊரில் யாராவது பட்டனைத் தட்டினால், பதில் போய்ச் சேர எத்தனை விநாடி ஆகிறது என்று கோடு காட்டும். இரண்டு விநாடிக்குள் என்றால் பச்சை. தாண்டினால் கோடு சிவப்பாகும், குற்றாலிங்கத்தின் செல்போனும் அலறும்.

அதை அதிகம் அலற வைத்தது மேலக்கல்லாறு. மலையடிவாரத்துச் சின்ன ஊர், சின்ன ஆஸ்பத்திரி. தினமும் காலை பத்து மணிக்கு அந்தக் கோடு ஏறத் தொடங்கும். ஆறு விநாடி, ஏழு விநாடி என்று போய் மதியம்தான் இறங்கும். ஒரே நாளில் நாற்பது முறை போன் அலறியது. குற்றாலிங்கம் சர்வரைப் பார்த்தார், குறை ஒன்றும் இல்லை. மற்ற ஊர்களைப் பார்த்தார், அங்கேயும் இல்லை. நாலாம் நாள் ரெஜினா விடுப்பில் இருந்தார். அன்றைக்குக் குற்றாலிங்கம் மேலக்கல்லாற்றுக்கு மட்டும் எல்லையை இரண்டிலிருந்து எட்டு விநாடிக்கு மாற்றி வைத்தார். போன் அடங்கியது. கோடு பச்சையானது.

மூன்று வாரம் கழித்து அவர் ஒன்றைக் கவனித்தார். மேலக்கல்லாற்றின் கோடு இப்போது எட்டுக்குள் மட்டுமில்லை, அரை விநாடிக்கும் கீழே இருந்தது. பதினோரு ஊரில் அதுதான் முதலிடம்.

சந்தோஷப்படத்தான் நினைத்தார். முடியவில்லை. ரெஜினாவிடம் போய்க் காட்டினார்.

“நான் எதையும் ரிப்பேர் பண்ணலை மேடம். தானா எப்படிச் சரியாகும்?”

ரெஜினா திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“நாளைக்குக் காலையில அந்த ஊருக்குப் போயிட்டு வாங்க, அண்ணாச்சி. ரத்த வங்கியில கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு நாள் உக்காந்திருங்க.”

“என்னத்தைப் பாக்கணும்?”

“உக்காந்தாப் போதும்.”

மறுநாள் எட்டரைக்கெல்லாம் குற்றாலிங்கம் அங்கே இருந்தார். ரத்த வங்கியின் டெக்னீஷியன் பாத்திமுத்து, ஐம்பதை நெருங்கிய பெண்மணி. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறார் என்று கேட்டதும் ஒரு ஸ்டூலைக் காட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

குற்றாலிங்கம் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரத்தம் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நர்ஸ் வந்து இரண்டு யூனிட் வாங்கிப் போனார். பதினொன்றரை வரைக்கும் ஒருவர்கூடக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஒவ்வொரு முறையும் பாத்திமுத்து ஒரு மார்க்கரை எடுத்து, ரத்தம் வைக்கும் பிரிட்ஜின் கதவில் ஓர் எண்ணை அழித்து இன்னொன்றை எழுதினார்.

குற்றாலிங்கம் காரணம் கேட்டார். பாத்திமுத்து வேலையை நிறுத்தாமலே சொன்னார். ஒரு யூனிட் ரத்தத்துக்கு ஆறு இடத்தில் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஏழு விநாடி. சில நேரம் கடைசித் தட்டில் முதல் பக்கத்துக்கே திரும்பிவிடும். ரத்தம் கொடுத்தவர் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு நிற்பார், மேலே டாக்டர் காத்திருப்பார். அலுவலகத்துக்குத் தினமும் போன் செய்து திட்டித் தீர்த்தார். போனை ரெஜினா எடுத்தால், ‘பார்க்கிறேன்’ என்பார். ஒரு நாள் ஒரு ஆண் குரல் எடுத்தது.

“எங்க பக்கம் பச்சையாத்தாம்மா இருக்குன்னுச்சு அந்தக் குரல். பிறகு நான் போனே பண்ணலை.”

இப்போதெல்லாம் கதவில் எழுதுவதோடு சரி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம் ஓய்ந்தபிறகு எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றிவிடுவார். அப்போது மட்டும் வேகமாகப் போகிறதாம்.

குற்றாலிங்கத்துக்கு அரை விநாடியின் கணக்கு விளங்கியது: மெதுவான நேரத்தில் யாரும் தட்டுவதே இல்லை, கோடு சாயங்காலத்துத் தட்டுகளை மட்டுமே காட்டியிருக்கிறது.

“அந்தக் குரல் நான்தான்மா,” என்றார்.

பாத்திமுத்து திரும்பிப் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு முன்னால் குற்றாலிங்கத்தின் செல்போனில் ஓர் அவசரச் செய்தி வந்தது. வலையில் இருக்கும் எல்லோருக்கும் போகும் செய்தி. கடலோர ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் உடனே வேண்டும். வலையில் பதினோரு வங்கியிலும் பூஜ்யம் காட்டுகிறது. அந்தப் பெண்ணின் கணவர் ஒரு காரைப் பிடித்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பிவிட்டார்.

குற்றாலிங்கம் தலையைத் தூக்கினார். பிரிட்ஜ் கதவில் மார்க்கர் எழுத்தில் இருந்தது: ஓ நெகட்டிவ் – 2.

அவர் செல்போனை நீட்டினார். பாத்திமுத்து படித்துவிட்டுச் சட்டென்று கதவைத் திறந்தார். முந்தின நாள் வந்த ரத்தம், காலையில்தான் எல்லாச் சோதனையும் முடித்து உள்ளே வைத்தது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். மதுரை வழியில் கயத்தாறைத் தாண்டியிருந்த கணவரைப் போனில் பிடித்துத் திரும்பச் சொன்னார்கள்.

அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் குற்றாலிங்கத்தால் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. பழைய பழக்கத்தில், சுவரோரமாகப் போன ஒயரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அது தாழ்வாரம் தாண்டி ஸ்கேன் அறைக்குள் போனது. காலையில் எடுக்கும் ஸ்கேன் படங்கள் எல்லாம் பத்து மணியிலிருந்து மதியம் வரை அதே இணைப்பு வழியாகத்தான் வெளியூர் டாக்டருக்குப் போகின்றன என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். சர்வரில் தேடிக் கிடைக்காத காரணம் அங்கே கிடந்தது.

நாலு மணிக்குக் கடலோர ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அந்தப் பெண் கண் விழித்துக் குழந்தையைக் கேட்டாளாம். பாத்திமுத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் இருவருக்கும் டீ வரவழைத்தார்.

மறுநாள் காலை குற்றாலிங்கம் ரெஜினாவிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். எட்டு விநாடி எல்லையையும் மறைக்கவில்லை. ரெஜினா அதுவரை அதை அறிந்திருக்கவில்லை. முகம் ஒரு கணம் மாறியது. கோபிப்பார் என்று குற்றாலிங்கம் நினைத்தார். ரெஜினா எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். அவர் உட்கார்ந்து எட்டை அழித்து இரண்டு என்று போட்டார்.

ஸ்கேன் படங்களுக்குத் தனி இணைப்பு வாங்க ஒரு வாரம் ஆனது. பாத்திமுத்து மறுபடி உடனுக்குடன் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கியதால், அந்த வாரம் முழுக்கப் பத்து மணிக்கெல்லாம் போன் அலறியது. குற்றாலிங்கம் ஒவ்வொரு முறையும் மேலக்கல்லாற்றைக் கூப்பிட்டுப் பேசினார். பகலில் ஓர் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் யாருமே எதையும் தட்டாவிட்டாலும் போன் அலற வேண்டும் என்று தானே ஒரு புது எச்சரிக்கையை எழுதினார். ரெஜினா அதைப் படித்துவிட்டுப் பதினோரு ஊருக்கும் போடச் சொன்னார்.

குற்றாலிங்கத்துக்கு ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. தனி இணைப்பு வந்த அன்று கேட்டார்.

“கோடு எனக்குப் பச்சையாத்தான் இருந்துச்சு. உங்களுக்கும் அதே பச்சைதான். என்னை அங்க அனுப்பணும்னு எப்படி மேடம் தோணிச்சு?”

“பாத்திமுத்து நம்மளத் திட்டிப் பல நாள் ஆச்சேன்னு தோணிச்சு, அண்ணாச்சி,” என்றார் ரெஜினா. “அதுவும் நீங்க வந்து கேட்டதுக்கு அப்புறந்தான்.”