பாட்டு முடிந்த பிறகு வருகிறவள்

"என் பிரார்த்தனையை நிறுத்தச் சொல்றாங்க, சாமியம்மா."

மரகதவல்லி டீச்சர் வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். ஒரு கால் செருப்பைத்தான் கழற்றியிருந்தார். இன்னொன்று காலிலேயே இருந்தது.

காவி கட்டிய சாமியம்மா தன் குடிலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். டீச்சரைவிடப் பதினைந்து வயசு சின்னவர். ஆனாலும் மனசு கனத்துப் போனால் டீச்சர் பஸ் ஏறி வருவது இந்த மலையடிவாரத்துக்குத்தான்.

"எந்தப் பிரார்த்தனை?"

"பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை."

"முதல்ல 'என்'னு சொன்னீங்களே, டீச்சரம்மா."

டீச்சர் அதைக் காதில் வாங்கவில்லை. படபடவென்று கொட்ட ஆரம்பித்தார்.

கீழப்பாறை அரசு நடுநிலைப் பள்ளிக்கு அவர் தலைமை ஆசிரியர் ஆகிப் பதினோரு வருஷம். தினமும் காலையில் குத்துவிளக்கு ஏற்றுவார். இருநூறு பிள்ளைகளும் கை குவித்துப் பாடுவார்கள். பாட்டு டீச்சரே எழுதியது. அது முடிந்துதான் உறுதிமொழி, மற்றதெல்லாம்.

"எந்தச் சாமி பேரும் அதிலே கிடையாது, சாமியம்மா. பார்த்துப் பார்த்து எழுதினேன். அதுக்குப் போய் எவனோ மொட்டை மனு போட்டிருக்கான். அரசாங்கப் பள்ளிக்கூடத்திலே விளக்கு எதுக்கு, பாட்டு எதுக்குன்னு. ஊரிலே பாதிப் பேரு நிறுத்துங்கறான். மீதிப் பேரு, நிறுத்தினா கேட்டைப் பூட்டுவோம்கறான். திங்கட்கிழமைக்குள்ள நான் கல்வி ஆபீசுக்குப் பதில் எழுதிக் கொடுக்கணுமாம்."

சாமியம்மா ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

"அதுக்கு ஏன் கண்ணு கலங்குது?"

டீச்சர் இன்னொரு செருப்பையும் கழற்றினார்.

"வீட்டிலே பாடினா என் குரல் மட்டும்தான் கேக்குது. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. பெரியவன் மஸ்கட்டிலே, சின்னவன் புனேயிலே. பாடிட்டு நிறுத்தினா ஃபேன் சத்தம்தான். பள்ளிக்கூடத்திலே அந்த அஞ்சு நிமிஷம் இருநூறு குரல் என்கூட வருது, சாமியம்மா. அதையும் பிடுங்கினா எப்படி?"

சாமியம்மா இன்னொரு தட்டைக் கவிழ்த்தார்.

டீச்சர் கைப்பையிலிருந்து, பதில் எழுதி வைத்திருந்த தாளை எடுத்து வாசித்தார். "'விருப்பமில்லாத பிள்ளைகள் இருந்தால் தள்ளி நிற்கலாம். அவர்களை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்.' இதைவிட நியாயமா என்ன எழுத முடியும்? நீங்களே சொல்லுங்க."

"இதுவரைக்கும் யாராவது தள்ளி நின்னாங்களா?"

"ஒரு பிள்ளை கிடையாது! பதினோரு வருஷத்திலே ஒரு பிள்ளை கிடையாது."

சாமியம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"நாளைக் காலைப் பூசையிலே நீங்க தள்ளி நில்லுங்க."

"நானா? நான் கும்பிடறவளாச்சே."

"இருக்கட்டும். அந்த வேப்பமரத்தடியிலே நில்லுங்க. கை குவிக்க வேண்டாம், பாட வேண்டாம். யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. குடில் வாசலில் நாற்பது பேர் போல வந்திருந்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள்.

டீச்சர் வேப்பமரத்தடியில் நின்றார்.

பாட்டு ஆரம்பித்தது. டீச்சருக்கு மனப்பாடமான பாட்டுதான். உதடு தானாகத் துடித்தது. கடித்துக்கொண்டார்.

முதலில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் நின்றவள்.

"ஏன்டி அந்தம்மா தள்ளி நிக்குது?"

"வீட்டுக்குத் தூரமா இருக்கும்."

"இந்த வயசிலயா? போடி!"

இரண்டு பேரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

ஒரு பெரியவர் எங்கிருந்தோ பிளாஸ்டிக் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார். "உக்காருங்கம்மா. நீங்க கும்பிட வேண்டாம். சும்மா உக்காருங்க." ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார். அதற்குள் நாற்பது தலையும் திரும்பிவிட்டன.

டீச்சருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முன்னால் கட்டினார். பின்னால் கட்டினார். புடவை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

பூசை முடிந்து சுண்டல் கொடுத்தார்கள். முதல் தொன்னை அவருக்குத்தான் வந்தது. அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

எல்லாரும் போன பிறகு சாமியம்மா வந்தார்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா, டீச்சரம்மா?"

"இல்லை."

"தள்ளிக்கிள்ளி விட்டாங்களா?"

"இல்லை. நாற்காலி போட்டாங்க."

டீச்சர் தொன்னையைக் கீழே வைத்தார். சாமியம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டார்.

"உங்க பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைங்க நேரங்கழிச்சு வர்றது உண்டா?"

"அதை ஏன் கேக்கறீங்க! தினம் ஏழெட்டு உருப்படி. பிரேயர் முடியற வரைக்கும் கேட்டுக்கு வெளியே நிக்கணும். அப்புறம் நோட்டிலே பேர் எழுதிட்டு, மைதானத்திலே காகிதம் பொறுக்கணும்."

"எல்லாருக்கும் மூச்சு வாங்குமா?"

"என்னது?"

"ஓடி வந்தா மூச்சு வாங்கும். எல்லாருக்கும் வாங்குதா?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் சாமியம்மா காலித் தொன்னைகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. டீச்சர் ஏழெட்டு முகங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒருத்தன் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருப்பான். ஒருத்திக்குப் பாதிச் சடைதான் பின்னியிருக்கும். எல்லாருக்கும் நெஞ்சு ஏறி இறங்கும்.

ஏழாம் வகுப்பு சாராளுக்கு மட்டும் இல்லை.

இரட்டைச் சடை, ரிப்பன், நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை கிடையாது. நடந்துதான் வருவாள். ஜூன் மாசத்திலிருந்து நோட்டில் அவள் பேர் இல்லாத நாளே இல்லை. "உங்க வீட்டுக் கடிகாரம் ஓடலையாடி?" என்று போன வாரம்கூடக் கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. டீச்சரும்தான் சிரித்தார்.

பஸ் கீழப்பாறையில் நின்றது. கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் இறங்கினார்.

திங்கட்கிழமை.

முதல் மணி அடிக்கும்போது டீச்சர் தீப்பெட்டியைப் பிச்சம்மாள் டீச்சர் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு நீங்க ஏத்துங்க."

"ஏன் டீச்சர், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

கேட்டைத் தாண்டி வெளியே போனார். மதில் ஓரமாகவே நடந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கல்லின்மேல், மடியில் பையை வைத்துக்கொண்டு சாராள் உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்தாள்.

"எப்போ வந்தே?"

"எட்டரைக்கு, டீச்சர்."

"எட்டரைக்கே வந்தவ உள்ளே வரலாமில்ல?"

சாராள் கால் விரலால் மண்ணைக் கீறினாள். உள்ளே பாட்டு ஆரம்பித்தது.

"நாங்க ஜெபக்கூட்டத்துக்குப் போறவங்க, டீச்சர். விளக்கு முன்னாடி கை குவிக்கக் கூடாதுன்னு வீட்டிலே சொல்லியிருக்காங்க."

"அதை என்கிட்டே சொன்னா என்ன? ஓரமா நில்லுன்னு விட்டிருப்பேனே."

"அதனாலதான் நான் சொல்லலை, டீச்சர்."

சாராள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஓரமா நின்னா எல்லாரும் பார்ப்பாங்க. ஏன், ஏன்னு கேப்பாங்க. லேட்டா வந்தா லேட்டுன்னு மட்டும்தான் நினைப்பாங்க, டீச்சர். லேட்டா எல்லாரும்தானே வர்றாங்க."

டீச்சர் மெதுவாக அந்தக் கல்லில் உட்கார்ந்தார். மதிலுக்கு இந்தப் பக்கம் பாட்டின் வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. வெறும் இரைச்சலாக வந்தது. பதினோரு வருஷத்தில் அவர் இதை வெளியே இருந்து கேட்டதில்லை.

"தினமும் இங்கே உக்காந்து என்ன பண்ணுவே?"

"நானும் ஜெபம் பண்ணிக்குவேன்."

"தனியாவா?"

"இங்கே வேற யாரு டீச்சர் இருக்கா?"

டீச்சர் அவளுடைய சடையைத் தொட்டார். ரிப்பன் அவிழாமல்தான் இருந்தது. ஆனாலும் ஒரு தரம் இறுக்கி விட்டார்.

"நாளையிலேருந்து மணிக்கு முன்னாடியே உள்ளே வந்துடு."

"பாட்டு இருக்குமே, டீச்சர்."

உள்ளே இருநூறு குரல்களும் கடைசி அடிக்கு வந்திருந்தன. அது அடங்குகிற வரைக்கும் டீச்சர் காத்திருந்தார்.

"அதை நான் வீட்டிலே பாடிக்கறேன்" என்றார்.